பருப்பு விலையை ஆட்டிப் படைப்பது யார்?

காலையில் இட்லி. நடுப்பகலில் சாம்பார். மாலையில் மழை பெய்தால் பஜ்ஜி. தமிழ்நாட்டில் சாதாரணக் குடும்பம் ஒன்றின் ஒரு நாள் சாப்பாடு இது.

இதில் வெளிநாட்டுச் சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று வீட்டு அம்மாளைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "எல்லாம் தெருமுனை மளிகைக் கடையில் வாங்கியதுதான்" என்பார்.

அவர் சொல்வது சரி. ஆனால், மளிகைக் கடைக்கு அது எங்கே இருந்து வந்தது?

இட்லிக்கு அரைத்த உளுந்து மியன்மாரில் விளைந்ததாக இருக்கலாம். மியன்மார் என்பது பழைய பர்மாதான். ரங்கூனில் கப்பல் ஏறிய மூட்டை சென்னைத் துறைமுகத்தில் இறங்கி இருக்கும். சாம்பாரில் வெந்த துவரை ஆப்பிரிக்காவில், மொசாம்பிக் நாட்டுக் குடியானவர் ஒருவர் காட்டில் காய்த்ததாக இருக்கலாம். பஜ்ஜி மாவில் கனடாவின் மஞ்சள் பட்டாணியும், ருஷ்யாவின் மஞ்சள் பட்டாணியும் கடலையோடு கலந்து இருக்கலாம்.

2024-25-ம் நிதி ஆண்டில் மட்டும் இந்தியா சுமார் 73 லட்சம் டன் பருப்பு வகைகளை வெளிநாடுகளில் இருந்து வாங்கியது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் இவ்வளவு வாங்கியது இல்லை.

உலகத்திலேயே அதிகமாகப் பருப்பு விளைவிக்கும் நாடு இந்தியா. அதிகமாகச் சாப்பிடும் நாடும் இந்தியா. அதிகமாக விலைக்கு வாங்கும் நாடும் இந்தியாதான்! வீட்டில் பத்துக் கறவை மாடு வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் பால் வாங்குகிற கதை போல இருக்கிறது அல்லவா?

பாதியாய்க் குறைந்த பருப்பு

இந்த நிலை எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ள அறுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1961-ல் இந்தியாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 69 கிராம் பருப்பு கிடைத்தது. 2001-ல் அது 30 கிராம் ஆகிவிட்டது. பாதிக்கும் குறைவு!

இடையில் நடந்தது பசுமைப் புரட்சி. நாட்டில் அப்போது அரிசிக்கும் கோதுமைக்கும் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம். எனவே வாய்க்கால் நீர், உரம், புது விதை, அரசாங்கக் கொள்முதல் எல்லாம் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. பஞ்சாபிலும் அரியானாவிலும் கடலை விளைந்த நிலம் கோதுமை வயல் ஆயிற்று. பருப்புச் செடி மானாவாரிக் காட்டுக்குத் துரத்தப்பட்டது.

பசி தீர்ந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வயிறு நிறைந்ததே தவிர, உடம்புக்கு வேண்டிய புரதம் குறைந்தது. கறியும் மீனும் தினமும் வாங்க முடியாத ஏழைக்கு, புரதம் தருவது பருப்புதான். அந்தப் பருப்பு தட்டில் இருந்து மெல்ல மெல்ல மறைந்தது.

மானாவாரி நிலத்தில் விளையும் பயிருக்கு வானம்தான் எஜமானர். வானம் பொய்த்தால் விளைச்சல் போயிற்று. விளைச்சல் போனால் விலை ஏறும். 2015-ல் நடந்தது அதுதான்.

கிலோ 200 ரூபாய்!

2014-ல் மழை குறைவு. 2015-லும் மழை குறைவு. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வறட்சி. துவரைச் செடி காட்டிலேயே காய்ந்தது. 2015 அக்டோபரில் பல நகரங்களில் ஒரு கிலோ துவரம்பருப்பு 200 ரூபாயைத் தொட்டது.

கோழிக்கறி வாங்குவது சல்லிசு என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சாம்பார் தண்ணீராக ஓடியது. பதுக்கல்காரர்களின் கிடங்குகளில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். பல ஆயிரம் டன் பருப்பு பிடிபட்டது. விலை மட்டும் உடனே இறங்கவில்லை. இல்லாத சரக்கைச் சோதனை போட்டுக் கண்டுபிடிக்க முடியாதே!

தமிழ்நாட்டில் ரேஷன் கடைகள் ஓரளவு கைகொடுத்தன. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் குறைந்த விலைக்குப் பருப்பு கொடுக்கிறார்கள். கிலோ 30 ரூபாய். துவரை கிடைக்காத மாதங்களில் கனடா நாட்டு மஞ்சள் பருப்பைப் போட்டதும் உண்டு. "இது வேகவே மாட்டேன் என்கிறது" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வாங்கினார்கள்.

டெல்லி அரசாங்கம் துவரையைத் தேடி உலகத்தைச் சுற்றியது. துவரை எல்லா நாட்டிலும் விளைவது இல்லை. இந்தியாவை விட்டால் பர்மா. அதை விட்டால் கிழக்கு ஆப்பிரிக்கா. 2016 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி மொசாம்பிக் போனபோது ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. முதல் ஆண்டு 1 லட்சம் டன் பருப்பு. படிப்படியாக உயர்த்தி 2020-21-ல் 2 லட்சம் டன்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மொசாம்பிக் மக்கள் துவரையை அவ்வளவாகச் சாப்பிடுவது இல்லை. அங்கே அதன் விளைச்சலில் பெரும் பகுதி இந்தியாவுக்காகவே விளைகிறது. இந்தியா வாங்கினால் காசு. வாங்காவிட்டால் மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் கிடக்கும்.

அதிகம் விளைந்ததும் துன்பம்

2016-ல் நல்ல மழை பெய்தது. முந்தின ஆண்டு 200 ரூபாய் விலையைக் கண்ட விவசாயிகள், கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் துவரையாகவே விதைத்தார்கள். அரசாங்கமும் ஆதரவு விலையை உயர்த்தி, "விதையுங்கள், விதையுங்கள்" என்றது.

2015-16-ல் நாட்டில் சுமார் 26 லட்சம் டன் துவரை விளைந்தது. 2016-17-ல் சுமார் 49 லட்சம் டன்! எல்லாப் பருப்பு வகைகளையும் சேர்த்தால் 163 லட்சம் டன்னில் இருந்து 231 லட்சம் டன்னுக்கு விளைச்சல் தாவியது. இந்திய விவசாயிக்கு விலை மட்டும் கிடைக்கட்டும், ஒரே ஆண்டில் மலையைப் புரட்டுவார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அதே ஆண்டில் வெளிநாட்டில் இருந்து சுமார் 66 லட்சம் டன் வந்து இறங்கியது. முன்பே பேசி முடித்த கப்பல்கள். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

களத்துமேட்டிலும் குவியல், துறைமுகத்திலும் குவியல். விலை சரிந்தது. குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று ஆதரவு விலை சொல்லி இருந்தார்கள். சந்தையில் 4,000 ரூபாய் கேட்டாலே பெரிது என்று ஆயிற்று. மராட்டியத்தில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் மூட்டைகளோடு விவசாயிகள் நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

முந்தின ஆண்டு அழுதவள் சமையல்கட்டில் இருந்தாள். இந்த ஆண்டு அழுதவன் வயல்காட்டில் நின்றான்.

கதவு சாத்தப்பட்டது

இனி டெல்லி என்ன செய்யும்? கதவைச் சாத்தியது.

2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் வேறு ஒரு வரம்பு. நவம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீத வரி. டிசம்பரில் கடலைக்கும் மைசூர் பருப்புக்கும் 30 சதவீத வரி. (மைசூர் பருப்பு என்று பெயர். மைசூருக்கும் அதற்கும் இன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தியாவில் அது விளைவது மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும். வெளியே இருந்து வருவது கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து.)

பட்டாணி வரி ராத்திரியோடு ராத்திரியாக வந்தது. அப்போது நடுக்கடலில் பட்டாணிக் கப்பல்கள் இந்தியாவை நோக்கி வந்துகொண்டு இருந்தன. கிளம்பும்போது வரி இல்லை. கரை சேரும்போது பாதி விலை வரி!

மொசாம்பிக்கில் என்ன ஆயிற்று? இந்தியா கேட்கிறது என்று நம்பி அங்கேயும் துவரையை அதிகமாக விதைத்து இருந்தார்கள். ஒப்பந்தம் செய்த அளவு மட்டும் போயிற்று. மிச்சத்துக்கு ஆள் இல்லை. முந்தின ஆண்டு கிடைத்த விலையில் ஒரு சிறு பங்குதான் குடியானவர் கைக்கு வந்தது. அவர்கள் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வைத்திருக்கும் மிராசுதார்கள் அல்ல. கையால் கொத்தி விதைக்கும் ஏழைகள். டெல்லியில் ஒரு கோப்பில் விழுந்த கையெழுத்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குடிசையில் அடுப்பை அணைத்தது.

பர்மாவிலும் இதே கதை. அங்கே விளையும் உளுந்துக்கு இந்தியாவைத் தவிர வேறு பெரிய வாடிக்கை கிடையாது. உலகத்தில் இட்லியும் வடையும் சுடுகிறவர்கள் வேறு யார்?

கோதுமை நாட்டில் பருப்பு முளைத்த கதை

கனடாவின் கதை வேறு மாதிரி.

கனடாவின் நடுவில் சஸ்காட்செவன் என்று ஒரு மாநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. ஆறு மாதம் பனி. அங்கே கோதுமைதான் தெய்வம். 1960-களின் கடைசியில் கோதுமை விற்காமல் மலையாகக் குவிந்துவிட்டது. 1970-ல் கோதுமை விதைக்காமல் இருப்பதற்கு விவசாயிகளுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது!

வேறு என்ன பயிர் செய்வது என்று யோசித்தார்கள். 1972-ல் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்துக்கு ஆல் ஸ்லிங்கார்ட் என்ற விஞ்ஞானி வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் பட்டாணி ஆராய்ச்சி செய்துகொண்டு இருந்தவர். இந்தக் குளிர்ப் பிரதேசத்துக்குப் பட்டாணியும் மைசூர் பருப்பு வகையும் ஏற்றவை என்று கண்டார். 1978-ல் "லேர்ட்" என்ற விதையை வெளியிட்டார்.

அந்த ஊர் விவசாயிகள் அதுவரை பருப்பைச் சாப்பிட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் ஒரு நன்மையைக் கண்டார்கள். பருப்புச் செடியின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தை இழுத்துச் செடிக்கும் மண்ணுக்கும் கொடுக்கும். உரச் செலவு குறையும். முன்பு ஓர் ஆண்டு பயிர், ஓர் ஆண்டு தரிசு என்று போட்டு வைத்த நிலத்தில் இப்போது பருப்பு விளைந்தது. அடுத்துப் போடும் கோதுமையும் செழித்தது.

இன்று கனடாவில் மைசூர் பருப்பு மட்டும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் விதைக்கிறார்கள். உலகச் சந்தையில் அதை அதிகமாக விற்கும் நாடுகளின் முன்வரிசையில் கனடா நிற்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் அங்கே அது பெயருக்குக்கூட இல்லை.

நம் ஊரில் அகத்தி, கொழுஞ்சி என்று தழை உரத்தின் அருமை தெரிந்தவர்கள் எத்தனையோ தலைமுறையாக உண்டு. ஆனால் அந்த அறிவைப் பெரிய வியாபாரமாக மாற்றியவர்கள் கனடாக்காரர்கள். அவர்களிடம் பெரிய நிலம் இருந்தது. இயந்திரம் இருந்தது. இந்தியா என்ற வாடிக்கை இருந்தது. அந்த வாடிக்கைதான் 2017-ல் கதவைச் சாத்தியது. 2018-19-ல் இந்தியாவின் இறக்குமதி சுமார் 25 லட்சம் டன்னாக இறங்கிற்று.

மறுபடியும் திறந்தது

சில ஆண்டுகள் நன்றாக ஓடின. 2021-22-ல் இந்தியாவில் சுமார் 273 லட்சம் டன் பருப்பு விளைந்தது. எல்லோரும் மார் தட்டிக்கொண்டார்கள்.

வானம் மறுபடியும் கைவிட்டது. 2023 ஆகஸ்டு மாதம், 1901-ல் இருந்து கணக்கு எடுத்ததில் மிகவும் வறண்ட ஆகஸ்டு. துவரம்பருப்பு 150 ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு பாராளுமன்றத் தேர்தல். எந்த அரசாங்கமும் பருப்பு விலையோடு தேர்தலுக்குப் போக விரும்பாது.

போதாக்குறைக்கு, மொசாம்பிக்கின் நகாலா துறைமுகத்தில் அந்த ஊர் வியாபாரிகளுக்குள் வழக்கு முற்றி, இந்தியாவுக்கு வரவேண்டிய துவரை தேங்கிக் கிடந்தது. அடுத்தவர் வீட்டு உலையை நம்பி இலை போட்டால் இப்படித்தான்.

2023 டிசம்பர் 8-ந் தேதி மஞ்சள் பட்டாணிக்கு வரி ரத்து ஆயிற்று. 2024 மார்ச் கடைசி வரை என்றார்கள். பிறகு நீட்டிக்கொண்டே போனார்கள். 2024 மே மாதம் கடலைக்கும் வரி போயிற்று. ஆஸ்திரேலியாவில் விவசாயிகள் அதைக் கேட்டதும் கடலையாகவே விதைத்துத் தள்ளினார்கள். 20 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. பிரேசில் நாடுகூட உளுந்து பயிரிட்டு அனுப்பத் தொடங்கிவிட்டது!

இப்படித்தான் 2024-25-ல் 73 லட்சம் டன் என்ற கணக்கு வந்தது. அதில் மஞ்சள் பட்டாணி மட்டும் 20 லட்சம் டன்னுக்கு மேல். அது கிலோ 35 ரூபாய் அளவில் வந்து இறங்கியது. அப்போது இந்தியக் கடலைக்கு அரசாங்கம் சொன்ன ஆதரவு விலை கிலோவுக்கு 56 ரூபாய் 50 காசு. கடலை மாவு அரைக்கிற ஆலைக்காரர் எதை வாங்குவார்?

2025-ல் துவரை பல சந்தைகளில் ஆதரவு விலைக்குக் கீழே போயிற்று. விவசாயிகள் கூச்சல் போட்டார்கள். 2025 நவம்பர் 1 முதல் மஞ்சள் பட்டாணிக்கு 30 சதவீத வரி வந்தது.

திறப்பு, சாத்தல், திறப்பு, சாத்தல். பத்து ஆண்டாக இதுதான் நடக்கிறது. விலை ஏறிய பிறகு திறக்கிறார்கள். விலை விழுந்த பிறகு சாத்துகிறார்கள். இரண்டு முறையும் காலம் கடந்துவிடுகிறது. ஏறிய விலையின் லாபம் பதுக்கியவருக்கு. விழுந்த விலையின் நஷ்டம் விதைத்தவருக்கு.

மற்ற நாடுகள் வாங்குமா?

உலகத்தில் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் பருப்பு வகைகள் விளைகின்றன. மனிதர் சாப்பிடுவது சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 7 கிலோ. அந்தந்த நாட்டிலேயே பெரும் பகுதி தின்று தீர்ந்துவிடும். சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் கப்பல் ஏறுகிறது. இந்தியா ஒன்றையே நம்பினால் ஆபத்து என்று விற்கிற நாடுகள் கண்டுகொண்டன. வேறு வாடிக்கை தேடுகின்றன.

இலங்கையில் மைசூர் பருப்பு இல்லாத சமையல் அபூர்வம். பெரும்பாலும் கப்பலில் வருவதுதான். எகிப்தியர் காலை உணவுக்கு வேகவைத்த அவரை வகை ஒன்றைச் சாப்பிடுகிறார்கள். அதற்கு ஆஸ்திரேலியாவில் இருந்தும் வாங்குகிறார்கள். துருக்கிக்காரர்கள் பருப்பை வாங்கி, தோல் நீக்கி உடைத்து, மறுபடி வெளியே விற்றுக் காசு பார்க்கிறார்கள்.

சீனா பெரிய வாடிக்கை. சாம்பாருக்கு அல்ல. பட்டாணியில் இருந்து மாவுச்சத்து எடுத்து சேமியா செய்கிறார்கள். மிச்சத்தில் புரதம் பிரிக்கிறார்கள். கால்நடைத் தீவனம் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கதவும் சத்தம் இல்லாமல் திறக்கும் கதவு அல்ல. 2025 மார்ச்சில், கனடாவோடு ஏற்பட்ட வரிச் சண்டையில், கனடா பட்டாணிக்குச் சீனா 100 சதவீத வரி போட்டது. ருஷ்யப் பட்டாணிக்கு நல்ல காலம் பிறந்தது. 2026 ஜனவரியில் இரண்டு நாடுகளும் பேசி அந்த வரியைத் தளர்த்த இணங்கின.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்னொரு ஆசை பிறந்தது. பட்டாணிப் புரதத்தில் இறைச்சி போலவே ஒரு பண்டம் செய்வது! "பியாண்ட் மீட்" என்ற அமெரிக்கக் கம்பெனி 2019-ல் பங்குகளை 25 டாலர் விலையில் வெளியிட்டது. மூன்றே மாதத்தில் 230 டாலருக்கு மேல் ஏறியது. பருப்புத்தான் நாளைய மாமிசம் என்று பேசினார்கள். 2025 அக்டோபரில் அந்தப் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போயிற்று. கறி சாப்பிடுகிறவர்கள் கறியையே கேட்டார்கள். வேறு சில பண்டங்களில் பட்டாணிப் புரதம் சேர்கிறது என்பது உண்மை. ஆனால் பருப்பு உலகத்தைத் தாங்குவது அந்த ஆலைகள் அல்ல, இந்திய அடுப்புகள்தான்.

ஐ.நா. சபை 2016-ம் ஆண்டைப் பருப்பு ஆண்டாகக் கொண்டாடியது. இப்போது பிப்ரவரி 10-ந் தேதி உலகப் பருப்பு தினம். கொண்டாட்டத்தால் கிலோவுக்கு ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தியாவிலேயே விளையாதா?

ஏன் விளையாது? விளைகிறது. ஏக்கருக்கு விளைவதுதான் குறைவு. இந்தியாவில் சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு 900 கிலோ அளவு. கனடாவில் பட்டாணி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

துவரை பொறுமையான செடி. பழைய ரகங்கள் ஐந்து, ஆறு மாதம் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பூ உதிரும். காய்ப்புழு துளைக்கும். வாடல் நோய் வரும். அந்த நேரத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் மக்காச்சோளம் போட்டு அறுத்து விற்று, வேறு பயிருக்கு உழுதுகொண்டு இருப்பார். சாராய ஆலைகள் எரிபொருளுக்காக மக்காச்சோளம் வாங்குவதால் அதற்கு விலையும் உண்டு. இப்போது 120 நாளில் முற்றும் துவரை ரகங்கள் வந்து இருக்கின்றன. அவை எல்லாக் காட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

தமிழ்நாட்டில் உளுந்தின் கதையைப் பார்க்கலாம். தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்தில் சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஈர மண்ணில் உளுந்தைத் தூவுவார்கள். தை மாத வேலை. நெல் அறுத்த பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் உளுந்து வளர்ந்துவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்; உழ வேண்டாம். செலவு இல்லாத லாபம்.

அறுவடை இயந்திரம் வந்தது. ஆள் கூலி மிச்சம். ஆனால் அதன் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்கிவிட்டது. தூவினால் வீண் என்று பலர் விட்டுவிட்டார்கள். ஒரு வசதி வந்தபோது ஒரு பயிர் போயிற்று. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கும் பயறு ஆராய்ச்சி நிலையம், மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் உளுந்து ரகங்களைக் கொடுத்து இருக்கிறது. விதைக்கு வழி பிறந்தது. சக்கரத்துக்கு இன்னும் முழு வழி பிறக்கவில்லை. இந்தப் பக்கத்து உளுந்து குறைந்த இடத்தைத்தான் ரங்கூன் மூட்டை நிரப்புகிறது.

11,440 கோடி ரூபாய்த் திட்டம்

2024 ஜனவரியில் மத்திய மந்திரி அமித் ஷா, 2027 டிசம்பருக்குள் இந்தியா பருப்பில் தன் காலில் நிற்கும் என்றார். 2028 ஜனவரியில் இருந்து ஒரு கிலோகூட வாங்கமாட்டோம் என்றார். அதற்கு அடுத்த நிதி ஆண்டில்தான் 73 லட்சம் டன் வந்து இறங்கியது!

2025 அக்டோபர் 1-ந் தேதி மத்திய மந்திரி சபை புதிய திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆறு ஆண்டுக்கு 11,440 கோடி ரூபாய். 2030-31-ல் 350 லட்சம் டன் விளைய வேண்டும் என்பது இலக்கு. விவசாயிகளுக்கு 88 லட்சம் விதைப் பைகள் இலவசம். ஆயிரம் பருப்பு ஆலைகள்.

இவற்றைவிட முக்கியமானது வேறு ஒன்று. பதிவு செய்துகொண்ட விவசாயிகள் கொண்டுவரும் துவரை, உளுந்து, மைசூர் பருப்பு மூன்றையும், நான்கு ஆண்டுகளுக்கு, எவ்வளவு கொண்டுவந்தாலும் ஆதரவு விலைக்கு அரசாங்கமே வாங்கும் என்று சொல்லி இருக்கிறார்கள். நெல் விவசாயிக்கும் கோதுமை விவசாயிக்கும் அரை நூற்றாண்டாக இருக்கும் தைரியம் இதுதான். பருப்பு விவசாயிக்கு அது இருந்தது இல்லை.

2025-26 பருவத்துக்குத் துவரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். உளுந்துக்கு 7,800 ரூபாய். காகிதத்தில் நல்ல விலை. கொள்முதல் நிலையம் திறந்து, சாக்கு இருந்து, எடை போட்டு, பணம் வங்கிக்கு வந்து சேர்ந்தால் உண்மையிலேயே நல்ல விலை.

அந்த ஏற்பாடு நிற்குமானால் இறக்குமதிக் கதவை ஆண்டுக்கு இரண்டு முறை ஆட்டவேண்டிய அவசியம் குறையும். 2016-லேயே, பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் இதைத்தான் எழுதிக் கொடுத்தார். நல்ல விலை கொடுத்து வாங்குங்கள், 20 லட்சம் டன் கையிருப்பு வையுங்கள், பஞ்ச காலத்தில் எடுத்து விடுங்கள் என்றார். கையிருப்பு வைத்தார்கள். எல்லா ஆண்டும் அது நிறைந்து இருக்கவில்லை. காலிக் குதிரை வைத்துக்கொண்டு விலையை அடக்க முடியுமா?

கர்நாடகத்தில் கலபுரகி என்று ஒரு மாவட்டம். பழைய பெயர் குல்பர்கா. கருப்பு மண். அந்த ஊர்த் துவரம்பருப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசி அப்படி.

கனடாவில் மே மாதம் பனி உருகியதும் விதைப்பார்கள். கலபுரகியில் ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் விதைப்பார்கள். இந்த ஒரு மாத இடைவெளியில் டெல்லியில் இருந்து ஓர் அறிவிப்பு வந்தாலும் வரலாம். கருப்பு மண்ணில் ஏர் பூட்டி நிற்பவர் அதுவரை பருத்தி விதையையும் துவரை விதையையும் வீட்டில் பக்கத்துப் பக்கத்து மூட்டையாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.